பிரேக் பிடிக்காத கதை

"அமுத்தும்" என்றார் அணைஞ்சபெருமாள். மேலே காருக்குள் உட்கார்ந்திருந்த அவருடைய மச்சான் பால்துரை பிரேக்கை மிதித்தார். பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்ட இடத்தில் மல்லாக்கக் கிடந்த பெருமாள் ஸ்பானரால் நிப்பிளைக் கால் சுற்று திறக்க, ரப்பர் குழாய் வழியாகக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் பிரேக் ஆயில் வந்தது, நுரைத்து, குமிழ்விட்டு, சளிபிடித்த ஆள் காறிக் காறித் துப்புகிற மாதிரி. நிப்பிளை இறுக்கிவிட்டு "விடும்" என்றார். மச்சான் காலை எடுத்தார். ஏர் எடுப்பது என்று இதற்குப் பெயர். குழாய்க்குள் கடுகளவு காற்று இருந்தாலும் பிரேக் பஞ்சுமாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றைத் தனி ஆளாக எடுக்கவும் முடியாது. ஒருவன் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவன் கீழே கிடந்து திறந்து மூட வேண்டும். மேலே இருக்கிறவன் முகம் கீழே இருக்கிறவனுக்குத் தெரியாது. இந்த வேலையில் உள்ள ஒரே சௌகரியம் அதுதான் என்று நினைத்தார் பெருமாள். மற்றதெல்லாம் குமட்டல். முதுகுக்கடியில் விரித்திருந்தது ஒரு காலத்தில் புண்ணாக்கு வைத்திருந்த சாக்கு; வியர்வை பட்டதும் அதற்குப் பழைய ஞாபகம் வந்து நாற ஆரம்பித்துவிட்டது. வண்டியின் அடிவயிற்றிலிருந்து துரு உதிர்ந்து இமையில் விழுந்தது, உதட்டில் விழுந்தது, நாக்கில் விழுந்தபோது ரத்தம் மாதிரி கரித்தது. தூத்துக்குடி உப்புக்காற்று ஆணியை ஒரு வாரத்தில் தின்னும், கப்பலை ஒரு வருசத்தில் தின்னும். அதில் முப்பத்தொரு வருசம் கிடந்த கார் இன்னும் காரின் வடிவத்தில் இருப்பது பெயிண்டு பாவம் பார்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தார்கள். மற்ற நாளாக இருந்தால் அந்த வாசனைக்கே இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும். இன்றைக்கு அந்த வாசனைக்கும் பாட்டிலில் விழுகிற நுரைக்கும் பயந்து வாயால் மூச்சு விட்டார். "அமுத்தவா மாப்ளே?" என்று மேலேயிருந்து கேட்டார் மச்சான். வயதில் மூத்தவர், பெண் கொடுத்தவர், அவர் எதற்கு இப்படிப் பணிவாகக் கேட்க வேண்டும்? அந்தப் பணிவுதான் எல்லாவற்றையும்விட நாறியது.

நாளைக் காலை பத்து மணிக்கு வண்டியைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டும். அவர் ஏறி உட்கார்ந்து போம் என்பார், நிறுத்தும் என்பார். சொன்ன இடத்தில் நின்றால் இன்னும் ஐந்து வருசத்துக்கு ரோட்டில் ஓடலாம். மூன்று மாசமாக வீட்டுச் சுற்றுச்சுவருக்குள் நடக்கிற கூத்து இது. முழுக்க மச்சானின் ஆசை. மாமனார் வாங்கிய மோரிஸ் மைனர். அந்த விபத்துக்குப் பிறகு, இது இனி ரோட்டைப் பார்க்கக் கூடாது, ஆனால் விற்கவும் கூடாது என்று தார்ப்பாய் போட்டு மூடியவர் மாமனார். அவர் செத்த பிறகும் தார்ப்பாயை யாரும் எடுக்கவில்லை. இந்தச் சித்திரையில்தான் ஒருநாள் மச்சான் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, அந்த வண்டியைச் சரிபண்ணணும், கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவையாவது அதில் போகணும் என்றார். சொல்லிவிட்டு அழுதார். சோற்றை வாயில் வைத்துக்கொண்டு ஓர் ஆம்பளை அழுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கப்புறம் ரசத்தைப் பார்க்கவே முடியாது. டிங்கர் வந்தான், பெயிண்டர் வந்தான், குஷன்காரன் வந்தான். குஷன்காரன் பின்சீட்டைக் கிழித்தபோது உள்ளே எலிக்கூடு. ஏழு குஞ்சுகள், கண் திறக்காமல், உரித்த இறால் நிறத்தில் நெளிந்துகொண்டு. கூடு கட்டியிருந்தது கல்யாணப் பத்திரிகைகளால். மஞ்சள் தடவிய ஓரங்கள், தங்க எழுத்தில் 'பால்து' வரைக்கும் ஒரு துண்டு; மிச்சத்தைத் தலைமுறை தலைமுறையாக எலிகள் தின்றிருந்தன. மச்சான் அந்தத் துண்டை எடுத்து, ஊதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எலி மூத்திரத்தில் ஊறி ஊறி அப்பளமாகக் காய்ந்த துண்டு. நெஞ்சுக்குப் பக்கத்தில். அன்றைக்குப் பெருமாள் வேப்பமரத்தடிக்குப் போய் நிஜமாகவே வாந்தி எடுத்தார். எல்லாரையும் எல்லாவற்றையும் தொட விட்டார், பிரேக்கைத் தவிர. அதில் எவன் கையும் படக்கூடாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஹார்பர் ஒர்க்‌ஷாப்பில் போர்மேனாக இருந்து ரிட்டயர்டு ஆனவர், சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும். பட்டவருக்குத்தான் பிரேக்கின் அருமை தெரியும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தக் காரின் பிரேக் ஒருநாளும் கெட்டுப்போனதில்லை என்பது உலகத்தில் பெருமாள் ஒருவருக்குத்தான் தெரியும்.

"அமுத்தும்." நுரை. "விடும்." முப்பத்தொரு வருசத்துக்கு முன்னால் அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மூன்று தங்கச்சிமாரையும் கட்டிக்கொடுத்துவிட்டு முப்பத்தைந்து வயதில் பால்துரைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, இன்னும் பன்னிரண்டு நாள். பத்திரிகை வைக்கக் கிளம்பினார்கள். பெருமாள்தான் ஓட்டினார். பின்சீட்டில் மச்சான் மடியில் பத்திரிகைக் கட்டை வைத்து, குனிந்து, கவர்களில் ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டு வந்தார். உப்பளங்களுக்கு நடுவே கரைமேல் போகிற ரோடு, இரண்டு பக்கமும் பளீரென்று தண்ணீர். பெருமாள் கதை சொல்லிக்கொண்டே ஓட்டினார். கதை சொல்லாமல் அவர் எதையுமே ஓட்டியதில்லை, சைக்கிளைக்கூட. கதை முடிகிற இடம் வந்தது. அந்த இடத்தில் சிரிக்காதவன் பிணம் என்று அவருக்குத் தெரியும். பின்னாலிருந்து சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தார். மச்சான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், பேனா ஓடுகிற பக்கம் நாக்கைத் துருத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. இப்போது நிமிர்வார், இப்போது சிரிப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார் பெருமாள். ஓர் ஆள் சிரிக்கிறானா இல்லையா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கரை ரோட்டில் அது வளைவு வரைக்கும். காலடியில் ரோடு இல்லை என்று தெரிந்தபோது அவர் கால் ஆக்ஸிலேட்டரில்தான் இருந்தது, பிரேக்குக்கு வரவே இல்லை. மடைக்கல்லில் முட்டி, சரிந்து, உப்புத்தண்ணீரில் மூக்கைக் குத்தி நின்றது வண்டி. பெருமாளுக்கு ஒரு கீறல் இல்லை. மச்சானின் இடது கால் முன்சீட்டுக்கடியில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே வேறு யாருடைய காலோ மாதிரி திரும்பியிருந்தது. மச்சான் வாயைத் திறப்பதற்கு முன்னால், வலி வந்து சேர்வதற்கு முன்னாலேயே, பெருமாளின் நாக்கு தானாகப் பேசியது: பிரேக் பிடிக்கல மச்சான். யோசித்துச் சொன்னதில்லை. யோசித்துச் சொன்ன பொய்யைக்கூட ஒருமாதிரி மதிக்கலாம். இது ஏப்பம் மாதிரி வந்தது.

அன்றைக்கு ஏப்பமாக வந்தது அப்புறம் வளர்ந்தது, தொப்பையும் மீசையும் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடமாடியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் முதல் தடவை சொன்னபோது பிரேக் இல்லாத வண்டிக்கு எதிரே ஓர் ஆட்டுமந்தை மட்டும்தான் வந்தது. மாமனாரிடம் சொன்னபோது மந்தைக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வெள்ளைச் சட்டையில், நாற்பது பேர். ஒர்க்‌ஷாப்பில் சொன்னபோது உப்பு லாரி ஒன்று குறுக்கே வந்தது. பத்தாவது வருசம் வாக்கில் ஒரு பிண ஊர்வலத்தையே ரோட்டில் இறக்கிவிட்டார். மேளக்காரர்களுக்கும் பாடைக்கும் நடுவே வண்டியை நுழைத்து, மாலையில் ஒரு பூ உதிராமல் வெளியே எடுத்து, யாரையும் கொல்லக்கூடாது என்று தானாகவே உப்பளத்துக்குள் விட்டதாகச் சொன்னார். கேட்டவர்கள் மச்சானைத் திரும்பிப் பார்ப்பார்கள். மச்சான் ஆமா என்பார். குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா மாப்ள இல்லாட்டா நான் இன்னைக்கு இல்ல என்பார். பெண் வீட்டார் பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்து, நொண்டிக்குக் கொடுக்க மாட்டோம் என்று சொல்ல வெட்கப்பட்டு, சகுனம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் மச்சான் பெண்ணே பார்க்க விடவில்லை. தங்கச்சி வீட்டு மாடியில் ஓர் அறை, தங்கச்சி கையால் சோறு. ராத்திரி அந்தக் கால் மாடிப்படி ஏறுகிற சத்தம், ஒரு தட்டு, ஓர் இழுப்பு, ஒரு தட்டு, ஓர் இழுப்பு. பெருமாளுக்கு அந்தச் சத்தம் வெறுத்தது. மச்சான் குளித்துவிட்டு வந்தால் ஈரத்தில் இரண்டு மாதிரிப் பாதச் சுவடு விழும், அது வெறுத்தது. கறிக்குழம்பில் நல்ல துண்டைப் பொறுக்கி, மாப்ளைக்கு வை என்று தங்கச்சியிடம் தள்ளுகிற கை வெறுத்தது. முப்பத்தொரு வருசமாக நல்ல துண்டெல்லாம் தின்றது பெருமாளின் வாய். தின்னும்போது ஒன்றும் தெரியாது, ஏப்பம் வரும்போதுதான்.

"குழாய் எந்த எடத்துல பிஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சீரா மாப்ளே?" காலையிலிருந்து இது நாலாவது தடவை. பாத்துக்கிட்டு இருக்கேன் என்றார் பெருமாள், நாலாவது தடவையாக. போன வாரம், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, டிரைவர் காலடித் தகட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் நிற்கிற மாஸ்டர் சிலிண்டரை இறக்கினார். உள்ளே நாற்பது வருசத்து இருட்டு. ரப்பர் கப்பு கன்றுக்குட்டியின் மூக்கு மாதிரி மெத்தென்று, ஒரு வெடிப்பு இல்லாமல் இருந்தது. பின்பக்கம் போகிற குழாய்கள் முழுசாக இருந்தன. ஆயில்தான் வழக்கத்தைவிடக் கெட்டியாக, மஞ்சளாக, ஒருமாதிரி வாடையோடு இருந்தது. வருசக்கணக்கில் கிடந்த ஆயில் வேறு எப்படி இருக்கும் என்று மூக்கைத் திருப்பிக்கொண்டு சாக்கடையில் ஊற்றினார். எல்லாம் நன்றாக இருந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. இரும்புக்குக்கூட இவ்வளவு யோக்கியம் எதற்கு? ஓர் இடத்தில், ஒரே இடத்தில் பிய்ந்திருக்கக் கூடாதா? துருப்பிடிக்கிற ஊரில், கதவு, ஜன்னல், கேட்டு, கடவுளின் வேல் உள்பட எல்லாம் துருப்பிடிக்கிற ஊரில், பொய்யைக் காப்பாற்ற வேண்டிய ஒரு குழாய் மட்டும் துருப்பிடிக்கவில்லை. நேற்று சாயங்காலம் பழைய இரும்புக் கடைக்குப் போய், குவியலைக் கிளறி, எந்த வண்டியுடையதோ, வாய்பிளந்த பிரேக் குழாய் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். சாக்குக்கடியில் இடுப்புக்கு நேராக அது உறுத்திக்கொண்டிருந்தது. இந்தச் சக்கரம் முடிந்ததும் எடுத்து நீட்டி, இந்தா பாரும் மச்சான், உம்ம காலைத் தின்னவன் இவன்தான் என்று சொல்ல வேண்டியது. மச்சான் அதை வாங்கிப் பார்ப்பார். துடைப்பார். பையில் வைத்துக்கொள்வாரோ என்னவோ. அறுபத்து நாலு வயதில், பேரப்பிள்ளை எடுத்த பிறகு, குப்பையைக் கிளறிப் பொய்க்குச் சாட்சி பொறுக்கிக்கொண்டு வந்த கை. நிப்பிள் மேல் இருந்த அந்தக் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு மை, விரல்மடிப்பில் வழவழவென்று ஆயில், புறங்கையில் தேமல். கழற்றி வைக்க முடிந்தால் வைத்திருப்பார். வாயில் ஊறிய எச்சிலை விழுங்கவும் முடியவில்லை. மல்லாக்கக் கிடப்பதால் துப்பவும் முடியவில்லை.

"அமுத்தும்" என்றார். மிதி வரவில்லை. அமுத்தும் மச்சான் என்றார் மறுபடி. மேலே ஸ்பிரிங் கிரீச்சிட்டது, அவ்வளவுதான். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தபோது மச்சானின் குரல் வந்தது, காருக்குள்ளிருந்து வருகிற மாதிரி இல்லை, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "மாப்ளே, நீரு எவ்வளவு தேடினாலும் பிஞ்ச எடம் கிடைக்காது. நான் ஒண்ணு சொல்லுதேன். கேட்டுட்டு என்னைய என்ன வேணாலும் சொல்லும்." போச்சு, மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார், அன்றைக்கே பார்த்திருக்கிறார். ஸ்பானர் நழுவிக் கன்னத்தில் விழுந்தது. ஆனால் மச்சான் சொன்னது வேறு. அன்றைக்குக் காலையில் அவருடைய அப்பா, வண்டியில் பிரேக் ஆயில் பார்த்து ஊற்று என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனாராம். டப்பாவில் ஒரு சொட்டு இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று அடுப்படிக்குப் போய், பிள்ளைகளுக்கு வயிறு கழியக் கொடுக்கிற விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து, காலடித் தகட்டைத் தூக்கி, அதில் ஊற்றி மூடிவிட்டாராம். யாரிடமும் சொல்லவில்லை. "உப்பளத்துக்குள்ள கெடக்கும்போது நீரு பிரேக் பிடிக்கலன்னு சொன்னீரு பாரும். எனக்கு அப்பவே விளங்கிட்டு. நான்தான் மாப்ளே. என் கால நானே ஒடிச்சுக்கிட்டேன். ஒம்மளயும் கொல்லப் பாத்தேன். எம் தங்கச்சி தாலிய..." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதனால்தான் கல்யாணமும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன், எனக்கு அந்தத் தண்டனை சரிதான் என்றார். வண்டியைச் சரிபண்ணி உம்ம கையில கொடுத்துட்டுச் சொல்லணும்னு இருந்தேன், நாளைக்குன்னா தைரியம் போயிரும் என்றார்.

அப்போது பெருமாளுக்கு என்ன தோன்றியது என்று யாரும் கேட்கக் கூடாது. இரக்கம் தோன்றவில்லை. வெட்கம் தோன்றவில்லை. சந்தோசம் தோன்றியது. மலச்சிக்கல்காரனுக்கு மூன்றாம் நாள் வழி திறந்த மாதிரி, உடம்பெல்லாம் இளகி, உள்ளங்கால் வரைக்கும் ஒரு சுகம். ஆள் கிடைத்துவிட்டான். குழாய் வேண்டாம், குப்பைச் சாட்சி வேண்டாம், குற்றவாளி தானாக நடந்து வந்து, நொண்டி நடந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். விளக்கெண்ணெய் ரப்பரை ஒன்றும் செய்யாது என்பது போர்மேனுக்குத் தெரியும். பழைய காலத்தில் பிரேக் ஆயிலுக்கே விளக்கெண்ணெயைத்தான் கலந்தார்கள். போன வாரம் சாக்கடையில் ஊற்றியபோது அடித்த வாடை எதுவென்று இப்போது தெரிந்தது, சின்ன வயதில் மூக்கைப் பிடித்துப் புகட்டிய அதே வாடை, தொண்டைவரை வந்துவிட்டுப் போனது. தெரிந்தால் என்ன? அவருக்கு மட்டும்தானே தெரியும். அதற்குள் நாக்கு முந்திக்கொண்டது. "விடும் மச்சான்" என்றது நாக்கு, பெரிய மனுசக் குரலில். "நான் எப்பவோ மன்னிச்சாச்சு." மேலே மச்சான் விம்முகிற சத்தம் கேட்டது. வண்டியே லேசாகக் குலுங்கியது, துரு பொலபொலவென்று பெருமாள் முகத்தில் உதிர்ந்தது. மன்னிச்சாச்சு. அந்தச் சொல் வாய்க்குள் ஒட்டிக்கொண்டது, பல்லிடுக்கில் மாட்டிய கறிநார் மாதிரி, நாக்கால் தள்ளத் தள்ளப் போகவில்லை. யாரை யார் மன்னித்தது? பாதி விபத்து, பாதி முட்டாள்தனம் என்று இத்தனை வருசம் சமாதானம் சொல்லி வைத்திருந்தார். அது கரைரோட்டு விசயம். இது இப்போது, இந்த நிமிசம், சுயநினைவோடு. இந்த மனுசன் முப்பத்தொரு வருசம் நல்ல துண்டைத் தள்ளிவிட்டது நன்றியால் இல்லை, பயத்தால். கல்யாணம் வேண்டாம் என்றது காலுக்காக இல்லை. மேளக்காரர், பாடை, ஆட்டுமந்தை, நாற்பது பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஓர் ஆளை மாடி அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வேண்டும் போலிருந்தது, ஆனால் அந்த வாயில் படுகிற தண்ணீரை நினைத்தாலும் கூசியது.

"மச்சான்" என்றார். குரல் அவருக்கே தெரியாத குரலாக இருந்தது. "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. நான் மிதிக்கவே இல்ல. கதைக்கு நீரு சிரிக்கீரான்னு பின்னால திரும்பிப் பாத்தேன். நீரு குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தீரு. நிமிர்வீருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள ரோடு முடிஞ்சிட்டு. அவ்வளவுதான்." இவ்வளவு சின்னதாக அவர் எந்தக் கதையையும் சொன்னதில்லை. ஓர் ஆடுகூட இல்லை. மேலே ஒரு சத்தம் கிளம்பியது, முதலில் இருமல் என்று நினைத்தார். இருமல் இல்லை, மச்சான் சிரித்தார். கண்ணீரும் மூக்குச்சளியும் கலந்த சிரிப்பு, நிற்காமல், சீட்டு குலுங்க, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. கரை ரோட்டில் வராத சிரிப்பு. நல்லாருக்கு மாப்ளே, இந்தக் கதையும் நல்லாருக்கு என்றார். என் மனசு ஆறணும்னு ஓர் ஆள் தன்மேல பழியப் போட்டுக்கிடுவாரா, உம்மைத் தவிர யாராலயும் முடியாது என்றார். பெருமாள் சாக்குக்கடியிலிருந்து வாய்பிளந்த குழாயை உருவி வெளியே வீசினார். கதையில்ல மச்சான், அதப் பாரும், நேத்து பழைய இரும்புக் கடைல பொறுக்குனது, உம்மகிட்ட காட்டி ஏமாத்தலாம்னு வச்சிருந்தேன் என்றார். கார்க்கதவு திறந்தது. இரண்டு மாதிரிப் பாதங்கள் தரையில் இறங்கின, ஒன்று நேராக, ஒன்று கோணலாக. கோணல் பாதத்தின் கட்டைவிரல் நகம் மஞ்சள் பாய்ந்து தடித்திருந்தது. மச்சான் குனிந்து குழாயை எடுத்தார். சட்டை ஓரத்தால் துடைத்தார். "அப்ப ஒமக்கு மொதல்லயே தெரியும்" என்றார் மெதுவாக. "வெளக்கெண்ணெய அந்த சிலிண்டர்ல பாத்திருக்கீரு. என் தப்பு வெளிய தெரியக் கூடாதுன்னு இதப் போயி வாங்கிட்டு வந்திருக்கீரு." பெருமாள் இல்லை என்றார். இல்லவே இல்லை என்றார். தன் மகள்மேல் சத்தியம் என்றார். அவர் எத்தனையோ கதைக்கு மகள்மேல் சத்தியம் பண்ணியிருக்கிறார். மச்சான் வண்டியின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. தங்கச்சி புஷ்பத்துக்குச் சொல்லணும் இத, ஊருக்கே சொல்லணும் என்று சொல்லிக்கொண்டே அடுப்படிப் பக்கம் போனார். தட்டு, இழுப்பு. இழுப்பு குறைந்து, ஆள் கொஞ்சம் எடை இறங்கின மாதிரி நடந்தது அந்தக் கால்.

அடுப்படியில் மச்சானின் குரல் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும். நன்றாகத்தான் சொல்கிறார் என்று பெருமாளின் காது தன்னாலே கணக்குப் போட்டது. அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நிறுத்தியிருக்கலாம். தன் காதையே பிடித்து அறுத்தெறிய வேண்டும் போலிருந்தது. பின்சக்கரத்தில் இன்னும் ஏர் இருந்தது. மிதிக்க ஆள் இல்லை. எழுந்து வெளியே வரலாம், வந்தால் யார் முகத்தையாவது பார்க்க வேண்டும். கிடந்தார். கொசு ஒன்று உதட்டில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தது, குடிக்கட்டும் என்று விட்டார். அடுப்படியில் குரல் ஓய்ந்தது. பாத்திரம் எதுவும் உருளவில்லை. அப்புறம் சேலைக்கரையும் இரண்டு பாதங்களும் வந்து காருக்குப் பக்கத்தில் நின்றன. மெட்டி, வெடித்த குதிகால், ஒரு விரலில் மஞ்சள்தூள். செல்வபுஷ்பம். அவள் குனியவில்லை. முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தியவள், அவருடைய கதை எதற்கும் அவள் ஆமா என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. அண்ணன் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசுகிற மாதிரி, தணிந்த குரலில் கேட்டாள்.

"எந்தக் கதைய சொல்லிக்கிட்டுப் போனீய அன்னைக்கி?"

நம்பிவிட்டாள். உலகத்தில் ஓர் ஆள் நம்பிவிட்டது. பெருமாள் வாயைத் திறந்தார், சொல்ல வேண்டியதுதான், பெயரைச் சொன்னால் போதும், அவளுக்கு எல்லாக் கதையும் தெரியும். எந்தக் கதை? கிரேனில் தொங்கிய வெள்ளைக்காரக் கேப்டன் கதையா? அது அப்புறம் வந்தது. பொதிமூட்டை பேய்க் கதையா? அதில் கடைசியில் சிரிப்பு கிடையாது. பனங்காட்டு நரியா, சித்தப்பா பல்செட்டா? கரை ரோடு ஞாபகம் இருந்தது. தண்ணீரின் பளீர் ஞாபகம் இருந்தது. பேனா, துருத்திய நாக்கு, கவரில் காயாத மை. கதை இருந்த இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை, பல் விழுந்த ஈறு மாதிரி நாக்கு போய்ப் போய்த் தடவிவிட்டுத் திரும்பியது. ஒரு காலையும் ஒரு கல்யாணத்தையும் விழுங்கின கதை, என்ன கதை என்று அதைச் சொன்னவனுக்கே தெரியவில்லை. தெரியலை புஷ்பம் என்று சொல்லிவிடலாம். அந்த இரண்டு சொல் போதும். அவள் காத்துக்கொண்டு நின்றாள், விரல்கள் அசையாமல்.

"அதுவா" என்றது நாக்கு. "அந்தத் திருக்கை மீன் கதைதான். மணப்பாட்டுக்குத் தெக்க ஒரு நா வலையில விழுந்துச்சே, லாரித் தார்ப்பாய் அகலத்துக்கு. பன்னெண்டு பேரு சேந்து இழுத்தோம். வால மட்டும் சுருட்டி வைக்க ஒரு ரூம்பு வேணும்னா பாத்துக்க..." அவர் அதுவரைக்கும் அப்படி ஒரு மீனைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. அது அந்த நிமிசத்தில்தான் பிறந்தது, ஈரத்தோடு, துடுப்பை அடித்துக்கொண்டு, நாக்கிலிருந்து ஒவ்வொரு முழமாக வெளியே வந்தது. நிறுத்து நிறுத்து என்று அவர் உள்ளே மிதித்துக்கொண்டிருக்க, அது போய்க்கொண்டே இருந்தது. சொல்லிக்கொண்டே தலையைச் சாக்கிலிருந்து நகர்த்தி, கழுத்தை ஒடித்து, வண்டியின் விளிம்புக்கடியில் ஒரு கண்ணை மேலே திருப்பி அவள் முகத்தைப் பார்க்கப் பார்த்தார். தெரியவில்லை. முழங்கால்வரை சேலைதான் தெரிந்தது. மீனின் வயிற்றைக் கிழித்த இடம் வந்தபோது மெட்டி போட்ட பாதங்கள் திரும்பி, அடுப்படிப் பக்கம் நடந்தன.